கோட்டிலே உயிர் வைத்த டோமியே

ஓவியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருடைய மனக்கண் முன் விரிவது நிறங்களின் கோலமே. செம்மையும் நீலமும் பொன்னும் கலந்து ஒளிவிடும் பெரிய திரைகளையே நாம் ஓவியம் என மதித்துப் பழகிவிட்டோம். ஆயினும், மையிற் தோய்த்த ஒரு பேனாவும், சாம்பலும் மண்ணிறமும் கரைந்த சிறிதளவு நீரும், ஒரு துண்டுக் கடதாசியுமே போதும், மனித உள்ளத்தின் ஆழத்தைக் காட்டிவிடலாம் என்று நிறுவிச் சென்ற ஒருவர் பிரான்சு தேசத்திலே வாழ்ந்தார். அவர் பெயர் ஒனொரே டோமியே. பத்திரிகைக்குப் படம் போட்டுப் பிழைத்தவர் என்றே அவர் வாழ்ந்த காலம் அவரை அறிந்திருந்தது. நானோ பல ஆண்டுகளாக அவருடைய படங்களின் பிரதிகளை மேசைமீது வைத்துக்கொண்டு, அக்கோடுகளைப் பார்த்துப் பார்த்து என் கையாலும் இழுத்துப் பழகி வருபவன். அப்பழக்கத்தின் வழியே நான் அறிந்துகொண்ட டோமியேயின் வாழ்வை வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

டோமியே 1808ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26ஆம் திகதி, பிரான்சின் தென்கரைத் துறைமுகமாகிய மார்செயில் நகரிற் பிறந்தார். தந்தையார் கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. படங்களுக்குச் சட்டமும் இடுபவர். தொழில் அதுவாயினும் அவருடைய உள்ளம் கவிதையிலேயே ஊன்றியிருந்தது. கவிஞனாகப் புகழ் பெறவேண்டும் என்னும் ஆசையால் உந்தப்பட்டு அவர் 1814இல் பாரிஸ் நகருக்குச் சென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து மனைவி மக்களும் அவரைப் பின்தொடர்ந்தனர். கவிதை அவருக்குச் சோறு போடவில்லை. தந்தையின் நிறைவேறாத கனவுக்கான விலையை மகனே செலுத்த நேர்ந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே சிறுவன் டோமியே நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலர் ஒருவரிடம் ஏவலாளாகச் சேர்ந்தான். பின்னர் பலே ருவாயல் என்னும் கடைத்தொகுதியிலே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தான்.

இந்த இரண்டு வேலைகளையும் சிறுமையாக எண்ணிக் கடந்துவிடலாகாது. கறுப்பு அங்கி அணிந்த நியாயவாதிகள் தம்முட் குசுகுசுத்துக்கொண்டு செல்வதையும், வழக்கிற் தோற்ற ஏழையின் முகம் வெளிறுவதையும் அச்சிறுவன் அன்றே கண்டான். புத்தகக் கடையின் வாயிலிலே நின்றபடி, நகரத்துச் செல்வரும் சீமாட்டிகளும் சூதாடிகளும் நடக்கும் நடையைக் கவனித்தான். முப்பது நாற்பது ஆண்டுகளின் பின்னர் அவருடைய பேனாவிலிருந்து வழிந்த முகங்கள் பலவும் அந்நாட்களில் உள்ளத்திற் படிந்தவையே என்று நான் கருதுகின்றேன். ஏனெனில், டோமியே மாதிரியாளரை முன்னிருத்தி வரைந்தவர் அல்லர். பார்த்ததை உள்ளத்திலே தேக்கி வைத்து, வேண்டியபோது எடுத்து வரைவதே அவருடைய வழக்கம்.

மகனுடைய சித்திர நாட்டத்தை நெடுங்காலம் மறுக்கப் பெற்றோரால் இயலவில்லை. 1822ஆம் ஆண்டளவில் அலெக்சாந்தர் லெனுவார் என்னும் கலை அறிஞரிடம் அவனை அனுப்பினர். பழஞ்சிற்பங்களின் வார்ப்புகளைப் பார்த்து வரையும் பயிற்சி அங்கே கிடைத்தது. அதன்பின் ஒரு கல்லச்சுக் கலைஞரிடம் தொழில் பயின்றார். கல்லச்சு அந்நாளிலே புத்தம் புதிய கலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பவேரியாவில் செனபெல்டர் என்பவர் அதனைக் கண்டுபிடித்திருந்தார். நன்கு தேய்த்து வழவழப்பாக்கிய சுண்ணக் கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த கறுப்புக் கோலினால் படம் வரைவர். கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் மையை உருட்டினால், கொழுப்புள்ள கோடு மையை ஏற்கும். நனைந்த வெற்றிடம் மையைத் தள்ளும். பின்பு கடதாசியை வைத்து அழுத்தினால் படம் பதியும். வரைந்த கோடு வரைந்தபடியே அச்சாகும் என்பதே இதன் சிறப்பு. இடையிலே செதுக்குவோனுடைய கை புகுவதில்லை. ஆனால் இடம் வலமாக மாறிவிடும் ஆகையால், ஓவியன் எல்லாவற்றையும் தலைகீழாக எண்ணிப் பழகவேண்டும்.

கருங்கோலால் கல்லிலே நிழல் காட்டுவதற்கு வழி என்ன? கோட்டுக்கு அருகே கோடு. அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசைக் கோடு. நெருங்கினால் இருள்; விலகினால் ஒளி. இதனையே பேனாவும் மையும் கொண்டு நாம் செய்கின்றோம். மையின் கருமை ஒன்றே. அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது. ஆகவே கோடுகளின் நெருக்கத்தாலும் போக்காலுமே கன்னத்தின் குழிவையும் தோளின் திரட்சியையும் சொல்லவேண்டும். கோடு உருவத்தின் வளைவைத் தழுவிச் சென்றால் சதை தோன்றும். தழுவாமற் சென்றால் வெறும் வேலியே தோன்றும். நாள்தோறும் கல்லோடு போராடிய இளமைப் பயிற்சியே பிற்காலத்திலே டோமியேயின் பேனாவுக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது.

1830ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து பத்தாம் சார்ள்ஸ் மன்னனை விரட்டினர். லூயி பிலிப் அரசுகட்டில் ஏறினான். பத்திரிகைச் சுதந்திரம் காக்கப்படும் என்று புதிய அரசியற் சாசனம் உறுதி கூறிற்று. அவ்வுறுதியை நம்பி ஷார்ல் பிலிப்போன் என்னும் பத்திரிகையாளர் அவ்வாண்டே 'லா கரிக்கத்தூர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1832இல் 'ல ஷரிவாரி' என்ற நாளேட்டையும் தொடங்கினார். கேலிச்சித்திரமே அவற்றின் படைக்கலம். அப்படையிலே இருபத்திரண்டு வயது நிரம்பிய டோமியேயும் ஒரு வீரராகச் சேர்ந்தார்.

1831இன் இறுதியிலே டோமியே வரைந்த ஒரு படம் அரசாங்கத்தையே கலங்கச் செய்தது. பேரரக்கன் ஒருவன் நாற்காலியிலே வீற்றிருக்கின்றான். அவன் தலை அரசனுடைய தலையே. ஏழைகள் கொடுக்கும் காசுகளைக் கூடைகளிலே சுமந்து, நீண்ட பலகை வழியாக ஏறி, அவன் வாயிலே கொட்டுகின்றனர். அவனுக்குக் கீழே பட்டங்களும் பதவிகளும் விழுகின்றன. அவற்றைப் பொறுக்கக் கனவான்கள் மொய்க்கின்றனர். பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் கர்கந்துவா என்னும் பெருந்தீனிக்காரனுடைய பெயரையே அப்படத்துக்கு இட்டார். 1832 பெப்ரவரியிலே வழக்கு நடந்தது. ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் தண்டமும் விதிக்கப்பட்டன. உடனே சிறைக்கு அனுப்பவில்லை. அஞ்சி அடங்குவார் என அரசு எதிர்பார்த்தது போலும்! அவர் அடங்கவில்லை. மேலும் வரைந்தார். ஓகஸ்ட் மாத இறுதியில், பெற்றோருடைய கண்முன்னே அவரைக் கைதுசெய்து சாந்த் பெலாஜி சிறையில் அடைத்தனர். தண்டனையின் பிற்பகுதியை ஒரு மனநோய் மருத்துவமனையிற் கழித்து, 1833இன் தொடக்கத்திலே வெளியே வந்தார். குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்கவேண்டிய மகன் அவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. கையிலே பேனா பிடிக்கும் எவனும் அந்த நிலையிலே தன்னைத் தானே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அடுத்த படத்தை எப்படி வரைவது, முன்போலவா, சிறிது மழுக்கியா? சிறை மீண்ட டோமியே அதற்குத் தந்த விடை மறு ஆண்டிலே வெளிவந்தது.

இதனிடையே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பிலிப்போனின் விருப்பப்படி, சட்டசபைப் பெருமக்களின் தலைகளைச் சிறுசிறு களிமண் உருவங்களாக டோமியே பிசைந்து செய்தார். சூளையிற் சுடாமல் வர்ணம் மட்டும் பூசிய அவ்வுருவங்களிலே 36 இன்றும் பாரிஸிலுள்ள ஒர்சே நூதனசாலையிலே இருக்கின்றன. புடைத்த நெற்றி, தொங்கும் உதடு, உறங்கும் கண், பெருமிதத்தால் நிமிர்ந்த முகவாய்! முதலிலே விரல்களால் முகத்தை அறிந்து, பின்னர் கோட்டிலே அதனை எழுதியவர் அவர். ஆகையினாலேதான் அவருடைய தட்டையான கடதாசி முகங்களையும் கையால் தடவிப் பார்க்கலாம் போல எனக்குத் தோன்றுகின்றது.

1834 ஏப்பிரல் மாதத்திலே பாரிஸில் மீண்டும் கலகம். திரான்ஸ்நோனைன் வீதியில் 12ஆம் இலக்க வீட்டிலிருந்து யாரோ சுட்டனர் என்று கூறி, படையினர் அவ்வீட்டுட் புகுந்து, உறக்கத்திலிருந்து எழுந்த குடிமக்களைக் கொன்றனர். இந்நிகழ்ச்சியைப் பற்றி டோமியே வரைந்த கல்லச்சுப் படத்திலே கேலி சிறிதும் இல்லை. இராக்கால உடையும் குல்லாயும் அணிந்த ஒரு மனிதன் கட்டிலருகே சரிந்து கிடக்கின்றான். அவனுடைய உடலின் கீழே நசுங்கிய குழந்தையின் தலை தெரிகின்றது. ஒருபுறம் நிழலிலே ஒரு பெண்; மறுபுறம் ஒரு முதியவரின் முகம். கவிழ்ந்த நாற்காலி ஒன்று. சுட்டவர் எவரையும் காணோம். பார்ப்பவன் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டவன் போல நிற்கின்றான். பத்திரிகைக்கு விதிக்கப்படும் தண்டங்களைச் செலுத்துவதற்காகப் பிலிப்போன் நடத்திய மாதாந்தப் படவெளியீட்டிலே அது வெளிவந்தது. அதுவே அவ்வெளியீட்டின் கடைசிப் படமும் ஆயிற்று. அதிகாரிகள் கிடைத்த பிரதிகளைக் கைப்பற்றி அழித்தனர்.

மறு ஆண்டு, 1835 ஜூலையிலே, அரசனைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதனைக் காரணமாகக் காட்டி, செப்டெம்பரில் கடுமையான பத்திரிகைச் சட்டம் பிறந்தது. இனி முன்னனுமதி இன்றி எப்படமும் வெளிவரலாகாது. லா கரிக்கத்தூர் மூடப்பட்டது. அரசியலைத் தொட முடியாத டோமியே அன்றாட வாழ்க்கையின்பால் திரும்பினார். மேடை நாடகத்திலே புகழ்பெற்றிருந்த ரொபேர் மக்கேர் என்னும் எத்தனை எடுத்துக்கொண்டு, அவனை வங்கிக்காரனாகவும் வைத்தியனாகவும் நியாயவாதியாகவும் வேடம் மாற்றி மாற்றி 1836 முதல் ஒரு பெருந்தொடரை வரைந்தார். 1845 தொடக்கம் நீதிமன்ற மாந்தரைப் பற்றிய தொடர் வெளிவந்தது. அரசனைத் தொடாதே என்றவர்களுக்கு, அரசனை அரசனாக்கி வைத்திருக்கும் மனிதர்களையே எடுத்துக் காட்டிவிட்டார் அவர்!

1846இல் மரி அலெக்சாந்திரின் தாசி என்னும் தையற்காரப் பெண்ணை மணந்தார். செயின் நதியின் நடுவேயுள்ள செயின்ட் லூயி தீவிலே, நதியோரத்து வீடொன்றின் மேல்மாடியிலே குடியிருந்தனர். சாளரத்தின் கீழே நதிக்கரைப் படிகள். நனைந்த துணி மூட்டையை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சலவைப் பெண்கள் மாலையிலே அப்படிகளில் ஏறுவர். அக்காட்சியை டோமியே பலமுறை வரைந்தார். அப்பெண்ணின் முகத்தை அவர் ஏறக்குறைய எழுதுவதே இல்லை. முதுகின் வளைவும், பாரத்தால் ஒருபக்கம் சாய்ந்த தோளும், குழந்தைக்காகக் குனியும் தலையுமே அவளுடைய நாள் முழுவதையும் சொல்லிவிடுகின்றன.

1848இல் மன்னன் ஓடினான், குடியரசு மலர்ந்தது. குடியரசின் உருவத்தை வரையும் போட்டியிலே டோமியேயும் கலந்துகொண்டார். வலிமை வாய்ந்த ஒரு தாய் வீற்றிருக்கின்றாள். இரு பிள்ளைகள் பால் அருந்துகின்றனர். காலடியிலே ஒரு பிள்ளை புத்தகம் படிக்கின்றது. இறுதிக்குத் தெரிந்தெடுத்த இருபது சித்திர முன்மாதிரிகளிலே அது 11ஆவதாக நின்றது. பெரிய திரையிலே எழுதி முடிக்கும்படி அழைப்பு வந்தது. அவர் அதனை முடிக்கவில்லை. சில ஆண்டுகளுள் அக்குடியரசும் முடிந்தது. 1851 டிசெம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினான். அவனுடைய கையாட்களைக் குறித்து, கிழிந்த கோட்டும் நெரிந்த தொப்பியும் தடியும் மீசையுமாக நெளிந்து நிற்கும் ரத்தபுவால் என்னும் உருவத்தை டோமியே களிமண்ணிலே செய்திருந்தார். சோதனைக்கு அஞ்சி அவருடைய மனைவி அதனை ஒளித்து வைத்துக் காத்தார் என்பர்.

இப்பொழுது நான் இக்கட்டுரையிலே முதன்மையாகக் கூற விரும்பும் பகுதிக்கு வருகின்றேன். 1860ஆம் ஆண்டு ஷரிவாரி பத்திரிகை டோமியேயை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது, வேறு வருவாய் இல்லை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அச்சேற்றிய கை வெறுமனே இருந்தது. 1863இன் முடிவிலே மீண்டும் அழைக்கப்படும் வரை அவர் வறுமையோடு போராடினார். ஆனால் அந்த ஆண்டுகளிலேதான் மையும் நீர்வர்ணமும் சேர்ந்த அவருடைய அருஞ்சித்திரங்கள் மிகுதியாகப் பிறந்தன. கலை விரும்பும் சிலருக்கு விற்றுப் பிழைப்பதற்காக அவற்றை எழுதினார். அமெரிக்க வணிகராகிய வில்லியம் வோல்டர்ஸ் என்பவருக்காக 1864இல் புகையிரதப் பெட்டிகளின் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புக்களைத் தனித்தனி நீர்வர்ணச் சித்திரங்களாக எழுதினார். அவை பால்டிமோர் நகரிலுள்ள வோல்டர்ஸ் நூதனசாலையிலே உள்ளன.

மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே முன்வரிசையில் மூன்று தலைமுறை. குழந்தைக்குப் பாலூட்டும் இளந்தாய். கூடையை மடியில் வைத்து, அதன்மேல் கைகளைக் கோத்தபடி நேரே நோக்கும் கிழவி. பக்கத்திலே அயர்ந்து உறங்கும் சிறுவன். பின்னே நெருக்கி அமர்ந்த சனத்திரள். ஒருவரோடொருவர் பேசவில்லை. யாழ்தேவியிலே மூன்றாம் வகுப்பில் இராப்பொழுதை நெருங்கப் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் கிழவியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பொதியைப் பிடித்த பிடியை உறக்கத்திலும் தளர்த்தாத அந்தக் கைகளை நாம் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! இதே காட்சியை எண்ணெய் வர்ணத்திலும் அவர் எழுதினார். அவற்றுள் ஒன்று நியூயோர்க் நூதனசாலையிலே நிறைவுறாத நிலையில் உள்ளது. சித்திரத்தைத் திரைக்கு மாற்றுவதற்காக இழுத்த கட்டக் கோடுகள் அதிலே இன்றும் தெரிகின்றன.

அவர் இச்சித்திரங்களை எழுதிய முறை கவனிக்கத்தக்கது. முதலிலே கறுப்புச் சுண்ணக்கோலால் மெல்லிய தேடற் கோடுகள். அவற்றின்மேல் பேனா. ஒரு தோளுக்கு ஒரே கோடு என்பது அவரிடம் இல்லை. நான்கைந்து கோடுகள் ஒன்றையொன்று துரத்திச் செல்லும். தவறானது என ஒன்றையும் அழிப்பதில்லை. அக்கோடுகள் யாவும் சேர்ந்தே உருவத்துக்கு நடுக்கமும் அசைவும் கொடுக்கின்றன. கண்குழி, மூக்கின் அடி, வாயோரம் ஆகிய இடங்களிலே குறுக்குக் கோடுகள் நெருங்கி இருள் சேர்க்கும். அதன்மேல் நீர் மிகக் கலந்த சாம்பல் மை. பிறகு மங்கிய மண்ணிறம், பழுப்பு, ஒளி குன்றிய நீலம். சிவப்பு வேண்டுமாயின் ஒரு கைக்குட்டையளவே. வெளிச்சம் விழும் இடத்திலே கடதாசியை வெறுமையாகவே விட்டுவிடுவார்.

இந்த அடக்கமான நிறங்களை நானும் கலந்து பார்த்தவன் என்ற முறையிலே ஒன்று கூறுவேன். கோடு பேசும்போது நிறம் உரக்கப் பேசலாகாது. ஒளிமிக்க வர்ணத்தைக் கோட்டுநிழலின்மேல் ஊற்றினால் கண் வர்ணத்தின் பின்னே ஓடிவிடும், முகம் ஊமையாகிவிடும். மங்கிய நீர்வர்ணமோ கோட்டைத் தாங்கி நிற்கும் பக்கச்சுருதி போன்றது. டோமியேயின் நீதிமன்றச் சித்திரங்களைப் பாருங்கள். நியாயவாதியின் அங்கி கறுப்பும் சாம்பலுமாகப் பரந்து கிடக்கின்றது. அவ்விருளின் நடுவே வெள்ளைக் கழுத்துப் பட்டியும் திறந்த வாயும் நீட்டிய கையும் மாத்திரம் பளிச்சிடுகின்றன. அவன் பேசுவது பொய் என்பதை நாம் காதால் கேட்கவேண்டியதில்லை. அவனுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் குற்றவாளியின் முகத்திலோ நான்கே கோடுகள். ஆயினும் அவன் எதனை நம்பியிருக்கின்றான் என்பது தெரிகின்றது.

லூவர் தொகுதியிலுள்ள 'சூப்பு' என்னும் சித்திரமே எனக்கு மிகவும் உவப்பானது. மேசையிலே ஓர் ஏழைக் குடும்பம். தாய் குனிந்து ஆவலோடு சூப்பைப் பருகுகின்றாள். அதே வேளை அவளுடைய மார்பிலே குழந்தை பால் குடிக்கின்றது. அவள் உண்பது அப்படியே குழந்தைக்குச் சென்று சேர்வது போன்ற ஒரு வேகம் அக்கோடுகளிலே ஓடுகின்றது. பசியை இரங்கத்தக்க பொருளாக அவர் எழுதவில்லை, ஆற்றலாகவே எழுதினார். ஊர் ஊராகத் திரியும் கழைக்கூத்தாடிகளையும் அவர் இவ்வாறே நோக்கினார். மேளம் அடித்துக் கூவியும் எவரும் திரும்பிப் பாராத கோமாளி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு வேற்றூருக்கு நடக்கும் கோமாளி ஆகியோரை எழுதியபோது, நாள்தோறும் பாரிஸ் நகரைச் சிரிக்கவைத்தே வயிறு வளர்த்த தம்மையும் அவர் எண்ணியிருப்பார் என்று நான் நினைக்கின்றேன். சித்திரத்துக்குக் கீழே அவர் அதனை எழுதி வைக்கவில்லை.

அக்காலத்துப் பெரியோர் சிலர் அவரை அறிந்தேயிருந்தனர். கவிஞர் போதலேர் 1857இலேயே அவரைப் பிரான்சின் தலைசிறந்த ஓவியருள் ஒருவராக மதித்து எழுதினார். தெலக்குருவா அவருடைய உருவங்களைப் பார்த்து வரைந்து பயின்றார். கோரோ, மிலே, தோபிஞ்ஞி முதலியோர் நண்பர்களாயினர். பிற்காலத்திலே தேகா அவருடைய கல்லச்சுப் படங்களை நூற்றுக்கணக்கிலே தேடிச் சேர்த்தார். வான் கோ 1890இல் டோமியேயின் குடிகாரர் படத்தைத் தம் வர்ணத்திலே மீண்டும் எழுதினார். ஆனால் பணம் கொடுத்து வாங்குவோர் கண்ணுக்கு டோமியே பத்திரிகைக் கேலிக்காரராகவே தெரிந்தார்.

1870இலே அரசாங்கம் அவருக்குச் செவாலியே விருது அளிக்க முன்வந்தது. எந்த ஆட்சியை இருபது ஆண்டுகளாக எதிர்த்தாரோ அந்த ஆட்சியின் பதக்கம் அது. ஓவியர் கூர்பேயும் அதே ஆண்டில் அவ்விருதை மறுத்தார். நாடறிய முழக்கமிட்டு மறுத்தார். டோமியேயோ எவருக்கும் சொல்லாமல் அமைதியாக மறுத்துவிட்டார். அவ்வாண்டே ஜேர்மனியரோடு நிகழ்ந்த போரிலே பிரான்சு தோற்றது. 1871 ஜனவரியில் அவர் வரைந்த ஒரு படத்திலே, புதிய ஆண்டு முக்காடிட்ட பெண்ணாக நின்று, பழைய ஆண்டு விட்டுச்சென்ற பிணக்குவியலைக் காணச் சகியாமல் முகத்தை மூடிக்கொள்கின்றது. ஒரு சில கருங்கோடுகளே. முதுமையிலே அவருடைய கோடு மேலும் சுருங்கி மேலும் கூர்மையாயிற்று.

ஆனால் கண்ணொளி குன்றத் தொடங்கியது. 1872உடன் கல்லச்சுப் படங்கள் நின்றன. பாரிஸுக்கு வடக்கே வால்மொந்துவா என்னும் சிற்றூரிலே வாடகைக்கு எடுத்திருந்த சிறு வீட்டில் அவர் ஒதுங்கினார். வாடகை கொடுக்க வழியற்றிருந்த வேளையிலே, நண்பர் கோரோ அவ்வீட்டை விலைக்கு வாங்கி அவருக்கு அன்பளிப்பாக ஈந்தார் என்னும் கதை பிரெஞ்சு ஓவிய உலகிலே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பின்னர் அரசாங்கமும் சிறிதளவு உபகாரச் சம்பளம் வழங்கிற்று.

1878இலே நண்பர்கள் ஒன்றுகூடி, பாரிஸில் துயூரான் ருவெல் சித்திரசாலையிலே அவருடைய ஓவியங்களின் காட்சியொன்றை நடத்தினர். விக்தோர் ஹியூகோ அதற்குக் கௌரவத் தலைவர். நூற்றுக்கு அணித்தான எண்ணெய் ஓவியங்களும் அதனிலும் மிகுதியான மைச் சித்திரங்களும் நீர்வர்ணங்களும் வைக்கப்பட்டன. கேலிச்சித்திரக்காரரின் பின்னே இப்படி ஓர் ஓவியர் மறைந்திருந்தார் என்பதை அன்றே பலர் அறிந்தனர். அறிந்தவர் வியந்தனர், ஆனால் வந்தவர் தொகை சிறிது. செலவுக்கும் வரவு கட்டவில்லை. தம் வாழ்நாளெல்லாம் எழுதியவை ஒரே கூடத்திலே கூடியிருந்த அந்நாளிலே, அவற்றைத் தெளிவாகக் காணும் கண் அவரிடம் இல்லை. 1879 பெப்ரவரியிலே வால்மொந்துவாவில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய உடல் பாரிஸிலுள்ள பேர் லஷேஸ் மயானத்துக்குக் கொண்டுவரப்பட்டு, நண்பர் கோரோவின் சமாதிக்கு அணித்தாக அடக்கம் செய்யப்பட்டது.

ஏறக்குறைய 4000 கல்லச்சுப் படங்கள், 1000 மரச்செதுக்குப் படங்கள், அவற்றோடு சில நூறு ஓவியங்களும் ஏராளமான சித்திரங்களும் அவர் விட்டுச் சென்றவை. ஓவியங்களிலே பெரும்பகுதி நிறைவுறாதவை. அவர் மறைந்தபின் வேற்றுக் கைகள் பல அவற்றை முடித்து வைக்க முயன்று கெடுத்தன. நாளேட்டுக்கு மறுநாட் காலையிலே கல் கொடுக்கவேண்டியிருந்ததால், அவருக்கென ஓய்ந்திருந்து ஓவியத்தை முடிக்கும் பொழுது வாய்க்கவில்லை என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்திலே நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பொழுது கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை பெருந்திரைகள் நமக்குக் கிடைத்திருக்குமோ!

ஆயினும் நான் வேறொன்றையும் எண்ணிப் பார்க்கின்றேன். நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு வாரமும் மனிதர்களைக் கூர்ந்து நோக்கும்படி அவரை நெருக்கியது அந்தப் பத்திரிகைத் தொழிலே. அந்நெருக்கடி இல்லையாயின், நான்கு கோடுகளிலே ஒரு மனிதனுடைய வாழ்வை எழுதும் ஆற்றல் அவருக்கு எங்ஙனம் வாய்த்திருக்கும்? அன்றாடம் அச்சாகி அன்றாடம் எறியப்படும் கடதாசிக்காக உழைத்தபோதும், ஒரு கோட்டையேனும் அவர் அலட்சியமாக இழுத்தாரில்லை. சிறை அவரை மழுக்கவில்லை. பதக்கம் அவரை வாங்கவில்லை. வறுமை அவருடைய நோக்கைக் கசப்பாக்கவில்லை. பொய்யரை எழுதிய அதே பேனாவால் சலவைப் பெண்ணையும் எழுதினார். முன்னவரிடத்திலே கடுமை, பின்னவளிடத்திலே பரிவு. இரண்டுக்கும் கை ஒன்றே, மை ஒன்றே.

சித்திரம் பயிலும் இளைஞர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அவருக்கு நான் கூறக்கூடியது சிறிதே. விலையுயர்ந்த வர்ணப் பெட்டிக்காகக் காத்திருக்கவேண்டாம். ஒரு பேனா, ஒரு குப்பி மை, சிறிது மண்ணிறம், ஒரு குவளை நீர் போதும். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் நீதிமன்ற வாயிலிலும் நிற்கும் மனிதர்களை நன்றாகப் பாருங்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். கோடு பிழைத்தால் அழிக்காமல் அருகே இன்னொன்றை இழுங்கள். டோமியே அப்படித்தான் தொடங்கினார். கண்ணொளி மங்கும் வரை அப்படியேதான் செய்தார்.